சம்மனசுகளைச் சுட்டது யார்?

இங்கிலாந்தில் இப்ஸ்விச்சிலிருந்து சவுத்வோல்டு கடற்கரைக்குப் போகிற வழியில், ஏ12 சாலை ஓர் ஆற்றுப் பாலத்தை நெருங்கும் இடத்தில் திடீரென்று ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயில் தெரியும். சுற்றிலும் நாணலும் சேறும், ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஏரி மாதிரி இருக்கும், இறங்கினால் வெறும் சகதி. அதற்கு மேலே ஒரு சின்ன மேட்டில் கப்பல் கரை தட்டி நின்றதுபோல் அந்தக் கட்டடம். ஊர் பெயர் பிளைத்பரோ. உள்ளூர்க்காரர்கள் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு 'பிளைப்ரா' என்பார்கள்.

மூன்று வருஷமாக அந்த வழியாகப் போய்வருகிறோம். ஒவ்வொரு தடவையும் "திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்பேன், திரும்பி வரும்போது மகள் பின்சீட்டில் தூங்கிப்போயிருப்பாள், அப்படியே வீடு வந்து சேருவோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை கடற்கரையில் நிற்க முடியாத காற்று. கையில் வாங்கிய மீன் வறுவலில் பாதி மணல். "ஏங்க, அந்தக் கோயிலுக்காவது போயிட்டு வீட்டுக்குப் போலாம்" என்று மனைவி சொன்ன பிறகுதான் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

கட்டணம் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. வெளிச்சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சஃபோக் மாவட்டத்தில் கட்டடத்துக்கு ஏற்ற கல் இல்லை. வயலை உழுதால் சிக்கிமுக்கிக் கல்தான் வரும், உருண்டையாக, அடுக்கினால் நிற்காமல். அதனால் இங்கே கொத்தர்கள் ஒரு வித்தை செய்திருக்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல்லை இரண்டாக உடைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான கருப்பு முகத்தை வெளிப்பக்கம் வைத்து, நடுவில் வெளியூரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லைச் சட்டம் சட்டமாகச் செதுக்கிப் பதித்துவிடுகிறார்கள். தடவிப் பார்த்தால் மேடு பள்ளமே தெரியாது. வெயில் பட்டால் சுவர் மினுக்குகிறது. கிழக்குச் சன்னலுக்குக் கீழே இதே முறையில் கிரீடம் வைத்த பன்னிரண்டு எழுத்துகள், ஏ, என், ஜே, பி என்று வரிசையாக. ஒரு நீளமான லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை என்கிறார்கள். இயேசு, திரித்துவம், மாதா, அன்னம்மாள், கத்தரீனாள் எல்லாருடைய மகிமைக்காகவும் இது திரும்பக் கட்டப்பட்டது என்பதுபோல ஒரு பொருள். கல்லில் எழுதிய குறுஞ்செய்தி.

கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, மற்றதெல்லாம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. அப்போது இந்த ஆற்றில் சரக்குப் படகுகள் வந்துபோயின, சந்தை இருந்தது, பக்கத்திலேயே அகுஸ்தீன் சபைச் சாமியார்களின் மடம் ஒன்றும் இருந்தது. பணம் புழங்கிய ஊர். இன்று சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். ஊர் மொத்தமும் பூசைக்கு வந்தால்கூட பின்பக்கம் காலியாகக் கிடக்கும்.

சரி, உள்ளே போவோம்.

கதவைத் திறந்ததும் நான் எதிர்பார்த்தது இருட்டு. இங்கிலாந்தில் நான் பார்த்த பழைய கோயில்களில் பாதி அப்படித்தான். விக்டோரியா காலத்தில் பணக்காரர்கள் ஆளுக்கொரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைத்துக் கொடுத்து, பளபளவென்று தரை போட்டு, மரத்துக்கெல்லாம் பழுப்பு வார்னிஷ் அடித்து, உள்ளே போனால் பழைய வங்கிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இங்கே ஒரே வெளிச்சம். மேலே கூரையை ஒட்டி இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பதினெட்டு என்று நெருக்கமாகச் சன்னல்கள், எல்லாவற்றிலும் வெறும் கண்ணாடி. மக்கள் நிற்கும் இடத்துக்கும் பீடம் இருக்கும் இடத்துக்கும் நடுவில் வழக்கமாக ஒரு பெரிய வளைவு வரும். இங்கே அதுவும் இல்லை. மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவர்வரை 120 அடிக்கு மேல் ஒரே கூரை. செங்கல் பாவிய பழைய தரை, சுண்ணாம்புச் சுவர், வெளுத்துப்போன ஓக் மரம். கடலோர வெளிச்சம் அவ்வளவும் உள்ளே கொட்டிக்கிடக்கிறது.

அப்புறம் மேலே பார்த்தோம்.

கூரை உத்தரங்களின் நடுவில், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, ஒன்று கிழக்கே பார்க்க ஒன்று மேற்கே பார்க்க, சிறகை விரித்த தேவதூதர்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பாட்டிமார் சம்மனசு என்பார்கள், எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. ஒவ்வொரு சம்மனசின் கையிலும் ஒரு கேடயம். முகத்தில் பெரிய பக்தியெல்லாம் இல்லை, கொஞ்சம் களைத்துப்போன முகம், ஐந்நூறு வருஷத்துக்கு மேல் சிறகை மடக்காமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கூரைப் பலகைகளில் வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலைப்பாடு, நடுநடுவே நற்கருணை அப்பத்தில் அச்சடித்திருக்கும் அதே ஐ.எச்.எஸ். எழுத்துகள், இயேசு பெயரின் சுருக்கம். சாயம் முக்கால்வாசி போய்விட்டது. போகாத கால்வாசி அன்றைக்கு அடித்த சாயமேதான், யாரும் பிற்காலத்தில் புதுசாகத் தீட்டவில்லை.

கழுத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வலி வந்துவிட்டது. ஆளில்லை என்று பெஞ்சில் மல்லாந்து படுத்தேன், சரியாக அந்த நேரத்தில் பீடத்துப் பக்கம் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா தலையை நீட்டினார். நான் பதறி எழுந்தேன். அவர் சிரித்துவிட்டு, போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து உள்ளங்கையில் மேலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கூரை முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்றார். நல்ல யோசனை. என் மகள் போனைத் தாம்பாளம்போல் ஏந்திக்கொண்டு கோயில் முழுக்க நடந்தாள், கூரையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்காமல் நடந்ததில் இரண்டு தடவை பெஞ்சில் இடித்துக்கொண்டாள்.

அவள்தான் கேட்டாள்: "அப்பா, சிறகுல ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தால் ஆமாம். அங்கங்கே பொத்தல். பூச்சி அரித்தது கொஞ்சம் இருக்கும். ஆனால் இந்தச் சம்மனசுகளின் மரத்துக்குள் ஈயக் குண்டுகள் இருந்தது உண்மை, கூரையைப் பழுதுபார்த்தபோது எடுத்திருக்கிறார்கள்.

யார் சுட்டது? நெடுங்காலமாக ஊர் சொல்லிவந்த பதில் வில்லியம் டௌசிங். 1640களின் உள்நாட்டுப் போரில், கோயிலில் படமும் சிலையும் கூடாது என்ற பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த சமயம், கோயில்களில் இருக்கும் விக்கிரகங்களை ஒழிக்க என்றே நியமிக்கப்பட்ட ஆள். கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் இருநூறுக்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் போனார். எங்கே எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதிவைத்தார், கடமை தவறாத அரசு ஊழியர்! பிளைத்பரோவுக்கு 1644 ஏப்ரலில் வந்தார். இருபது படங்கள், கோபுரத்தில் ஒன்றும் முகப்பில் ஒன்றுமாக இரண்டு சிலுவைகள், இருபது கெருபீன்களை, அதாவது சம்மனசுகளை, இறக்க வேண்டும், இன்னும் இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று கணக்காக எழுதியிருக்கிறார். படம் என்பது பெரும்பாலும் சன்னலில் இருந்த வண்ணக் கண்ணாடிகள். நாம் இன்று அனுபவிக்கும் வெளிச்சத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவர் உடைத்தவற்றில் என்னை உறுத்தியது சிலையோ கண்ணாடியோ இல்லை. 'ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று லத்தீனில் பொறித்த மூன்று வாசகங்களையும் பெயர்த்திருக்கிறார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் இருக்கும் அதே வரி. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதே மூடநம்பிக்கை என்பது அவர்கள் கட்சி. தரையில் பதித்த கல்லறைப் பலகைகளைப் பார்த்தால் பித்தளைத் தகடு இருந்த இடம் மட்டும் ஆள் வடிவத்தில் பள்ளமாக இருக்கிறது. பித்தளை போன இடம் தெரியவில்லை, அந்த ஆள் யாரென்றும் தெரியவில்லை.

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் டௌசிங் மேல் பழி போட முடியாது. அவர் குறிப்பில் இறக்கச் சொன்னதுதான் இருக்கிறது, சுட்டது இல்லை. அவ்வளவு உயரத்தில் ஏணி வைக்க அவருக்கு நேரமும் ஆளும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, எட்டு நாள் கெடு வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார், ஊர்க்காரர்களும் மெல்ல மறந்துவிட்டார்கள், எட்டு நாள் முந்நூற்றெண்பது வருஷம் ஆகிவிட்டது. மரத்திலிருந்து எடுத்த குண்டுகள் அவர் காலத்துக்குப் பிந்தியவை. 18ஆம் நூற்றாண்டுக் கோயில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் ஜாக்டா சுட மருந்துக்கும் குண்டுக்கும் இவ்வளவு செலவு என்று பதிவு இருக்கிறது. ஜாக்டா என்றால் நம் காக்கையைவிடச் சின்னது, சாம்பல் பிடரி, வெளிறிய கண், கோபுரம் என்றால் உயிர். கூரைக்குள் புகுந்து கூடு கட்டியிருக்கும், கணக்குப்பிள்ளை துப்பாக்கிக்காரனை உள்ளே அனுப்பியிருப்பார், அவன் குறி கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும்.

எனக்கு இந்தப் பதில்தான் பிடித்திருக்கிறது. மதவெறியில் சுட்டான் என்பது காவியம். காக்காய் எச்சம் தாங்காமல் சுட்டான் என்பதுதான் பங்குக் கோயில். நிர்வாகக் கமிட்டி என்று ஒன்றில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதே மாதிரி இன்னொரு வழக்கும் இங்கே நிலுவையில் இருக்கிறது. வடக்குக் கதவின் உட்பக்கம் விரல் நீளத்துக்குக் கருகிய தழும்புகள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் காலை வழிபாட்டில் இருக்கிறார்கள், பெரும் இடி. கோபுரத்தின் மேலிருந்த ஊசிமுனை சரிந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது, ஞானஸ்நானத் தொட்டி நொறுங்கியது, இரண்டு ஆண்களும் ஒரு பையனும் செத்தார்கள். அதே நாள் சில மைல் தள்ளி பங்கே என்ற ஊர்க் கோயிலிலும் சாவு. சில நாளில் லண்டனில் ஆபிரகாம் பிளெமிங் என்ற எழுத்தாளர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார்: வந்தது இடி மட்டுமல்ல, கருப்பு நாய் உருவத்தில் சாத்தான். நாய் கோயிலுக்குள் ஓடியது, தொட்டவன் செத்தான், ஒருவன் கை வெந்தது. இந்தக் கிழக்கு இங்கிலாந்து முழுக்க 'பிளாக் ஷக்' என்று ஒரு பேய் நாய்க் கதை ஏற்கெனவே உலவிக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொண்டன. 1933இல் கதவைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது இந்தக் கருகல் தழும்புகள் வெளியே தெரிந்தன. கேட்கவா வேண்டும், நாயின் நகம் பட்ட இடம் இதுதான் என்றாகிவிட்டது.

மகள் கதவருகே போகமாட்டேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போய்க் குனிந்து பார்த்தேன். நகக் கீறல் மாதிரி இல்லை. அடி அகலமாக, நுனி கூராக, கண்ணீர்த் துளியைக் கவிழ்த்த மாதிரி. மெழுகுதிரிச் சுடர் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மரத்தில் இந்த வடிவம்தான் விழும். இங்கிலாந்தின் பழைய வீடுகளில், தொழுவங்களில், அடுப்படி உத்தரங்களில் எல்லாம் இதே தழும்பு இருக்கிறது, தவறிப் பட்டது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. கொஞ்சம் சுட்டுவைத்தால் பெரிய நெருப்பு அண்டாது என்று ஒரு நம்பிக்கை. திருஷ்டி கழிக்கக் கன்னத்தில் மை வைக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப நாய் வரலியா?" என்றாள் மகள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. இடி வந்தது, கோபுர முனை விழுந்தது, அது நிஜம் என்றேன். அவளுக்குப் போதவில்லை.

பெஞ்சுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஒவ்வொரு பெஞ்சின் முனையிலும் ஒரு கையளவு மரச்சிற்பம். உதட்டுச் சாயம் மாதிரி வழவழப்பு, ஐந்நூறு வருஷமாக எழுந்து உட்கார்ந்தவர்கள் பிடித்த பிடி. தலையான பாவங்களை ஆளாகச் செய்துவைத்திருக்கிறார்கள். சோம்பல் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறது. போசனப்பிரியம் தன் தொப்பையையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. லோபம் பணப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குடிகாரனைக் கட்டையில் மாட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வெளிவேஷம்: கையைக் கூப்பி ஜெபம் செய்கிறான், கண் மட்டும் நன்றாகத் திறந்திருக்கிறது. இவன் எல்லாப் பங்கிலும் முன்வரிசையில் இருப்பான், பூசை முடிந்ததும் யார் யார் வரவில்லை என்று சொல்லுவான். நடுநடுவே பாவம் எதுவும் செய்யாதவர்களும் உண்டு, விதைக்கிறவன், அரிக்கட்டோடு நிற்கிறவன், பன்றி அறுக்கிறவன். செதுக்கிய தச்சர் தன் தெருவில் பார்த்த முகங்களைத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பீடத்துக்கு முன்னால் பாடகர் இருக்கைகள். அவற்றின் முகப்பில் அப்போஸ்தலர்களும் புனிதர்களும் வரிசையாக. ஆனால் நான் அங்கே அரைமணி நேரம் நின்றது அப்போஸ்தலர்களுக்காக இல்லை. வடக்குப் பக்கத்தில் ஹோப்டன் குடும்பத்தாரின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. ஜான் ஹோப்டன் 15ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பெரிய நிலக்கிழார், தன் ஆத்துமாவுக்காகப் பூசை நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர். எட்டாம் ஹென்றி மடங்களை மூடி, அவர் மகன் காலத்தில் இந்த ஆத்துமப் பூசைகளையும் ஒழித்த பிறகு அந்த இடம் சும்மா கிடந்தது, பிற்பாடு பள்ளிக்கூடம் ஆயிற்று. இந்த இருக்கைகள்தான் பையன்களுக்கு மேசை. மைக்கூடு வைக்கத் துளை போட்டிருக்கிறார்கள். மேசை கிடைத்தால் பையன்கள் என்ன செய்வார்கள்? பேரை வெட்டினார்கள். அதில் ஒன்று: டிர்க் லோவர்சன் வான் ஸ்டாக்ஹோம், 1665, வயது 12. சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடிக்க வந்த டச்சுக்காரர் ஒருவரின் மகன் என்று சொல்கிறார்கள். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பேனாக்கத்திதான். நேர்கோடுகள் ஆழம், வளைவு வருகிற எழுத்தில் கத்தி வழுக்கியிருக்கிறது. ஊர் பேர், வருஷம், வயது எல்லாம் சேர்த்து வெட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும், எத்தனை தடவை வாத்தியார் வரும் சத்தம் கேட்டுக் கையால் மறைத்திருப்பான். என் மகளைவிட மூன்று வயசுதான் பெரியவன்.

மேற்குப் பக்கம் ஒரு மரப்பொம்மை இருக்கிறது, கவசம் போட்ட தாடிக்காரன், 1682இல் கடிகாரத்துக்காகச் செய்தது. கயிற்றை இழுத்தால் கையை ஓங்கி மணியை அடிப்பான், தலையையும் ஆட்டுவான். இப்போது வழிபாடு தொடங்குகிறது என்று சொல்வதுதான் அவன் வேலை. மகள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் கூடாது என்று கண்ணைக் காட்டினேன்.

இவ்வளவும் எப்படித் தப்பித்தது என்றால், பணமில்லாததால். மடம் போயிற்று, ஆறு தூர்ந்து படகு வருவது நின்றது, சந்தை படுத்தது. இவ்வளவு பெரிய கோயிலைப் பராமரிக்க ஊரில் ஆளுமில்லை காசுமில்லை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார்கள். 1881இல் ஆயரே இது ஆபத்தான கட்டடம் என்று மூடிவிட்டார், 1884இல்தான் திறந்தார்கள். மற்ற ஊர்களில் விக்டோரியா காலத்துப் பணம் பழையதையெல்லாம் வழித்துவிட்டுப் புதுசு மாதிரி ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயும் அப்படிச் செய்ய நினைத்தார்கள், கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸும் அவருடைய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் வேண்டாம், பழுது மட்டும் பாருங்கள் என்று சண்டை போட்டார்கள். சண்டையும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து வேலையை இழுத்தடித்தன. நல்லவேளை. நம்மூரில் முந்நூறு வருஷக் கோயிலை ஒரே நன்கொடையாளர் ஒரே வருஷத்தில் கிரானைட்டும் டைல்ஸுமாக மாற்றியதைப் பார்த்தவன் நான், எனக்கு இந்த வறுமை பொறாமையாகவே இருந்தது.

1969இல் பக்கத்து ஸ்நேப்பில் இருந்த இசையரங்கம் தீப்பிடித்து எரிந்தபோது இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நடத்தவிருந்த மொஸார்ட் ஓபராவை அவசரமாக இந்தக் கோயிலுக்குத்தான் மாற்றினார்கள். அந்தச் சுவர்களில் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று பார்க்க நான் மெதுவாக ஒரு 'மாதாவே' போட்டேன். பூ அடுக்கும் அம்மா திரும்பவில்லை, பெருந்தன்மை.

கிளம்பும்போது மணி நாலு. காற்று அடங்கவில்லை. மகள் கல்லறைகளுக்கு நடுவே நின்று கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அதுவா?" என்றாள். மேலே சாம்பல் பிடரியோடு பத்துப் பதினைந்து, சக் சக் என்று கத்திக்கொண்டு, ஒன்று வாயில் குச்சியோடு சுவர் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. மருந்துக்கும் குண்டுக்கும் ஆன செலவெல்லாம் வீண்.